அணைக்காமல் விட்ட கணிப்பொறி

கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தில் வேலை முடிந்ததும் மாணவர் எழுந்து செல்கிறார். தாம் பயன்படுத்திய பொறியை அணைத்துவிட்டுச் செல்கிறாரா? இதை நீங்கள் எந்த மாணவரிடம் கேட்டாலும், "அணைக்கத்தானே வேண்டும்" என்ற விடையே கிடைக்கும். மின்சாரத்தைச் சேமிக்க விருப்பமா, சுற்றுச்சூழலைக் காக்க விருப்பமா என்று கேட்டால், இல்லை என்று சொல்பவரைக் காண்பது அரிது. ஆனால் இரவு எட்டு மணிக்கு அதே கூடத்தின் கதவைத் திறந்து பாருங்கள். இருட்டில் வரிசை வரிசையாகச் சிறு விளக்குகள் மினுக்கிக் கொண்டிருக்கும். விசிறிகளின் ஓசை கேட்டுக் கொண்டிருக்கும்.

சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இந்த இடைவெளியைக் கண்டவுடன் மாணவர்களின் சோம்பலைக் குறை கூறிவிடலாம். அது எளிது. ஆனால் இதற்கு எழுபது எண்பது ஆண்டு வரலாறு ஒன்று இருக்கிறது. கணிப்பொறியை அணைக்கக் கூடாது என்ற பழக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில்தான் பிறந்தது. அதுவும் நல்ல காரணத்தோடு பிறந்தது. காரணம் மறைந்து பல்லாண்டுகள் ஆன பின்னும் பழக்கம் மட்டும் உயிரோடு இருந்தது. மாணவர்களின் விருப்பத்தை அளக்கப் புறப்பட்டவர்களில் பலர் இந்த வரலாற்றைக் கவனிக்கவில்லை.

அணைத்தால் பழுது

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மூர் மின்பொறியியல் பள்ளி என்ற பிரிவில் 1943-இல் ஒரு வேலை தொடங்கியது. பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணக்கிட ஒரு மின்னணுப் பொறி வேண்டும் என்று அந்நாட்டு இராணுவம் கேட்டிருந்தது. அதன் தலைமைப் பொறியாளர் பிரெஸ்பர் எக்கர்ட்டுக்கு அப்போது வயது 24. அவரும் ஜான் மாக்லியும் சேர்ந்து உருவாக்கிய எனியாக் என்னும் பொறி 1946 பிப்ரவரியில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. எடை ஏறத்தாழ 30 டன். அதற்குள் இருந்த வெற்றிடக் குழல்கள் ஏறத்தாழ 18,000. பழைய வானொலிப் பெட்டிக்குள் செந்நிறமாக ஒளிர்ந்து கொண்டிருக்குமே, நாம் வால்வு என்று அழைத்தோமே, அதே குழல்கள்தாம். பொறி உண்ட மின்திறன் சுமார் 150 கிலோவாட். ஒரு மணி நேரம் ஓடினால் 150 யூனிட் என்று பொருள்.

வானொலியில் நாலைந்து வால்வுகள்தாம். அவற்றில் ஒன்று ஆண்டுக்கொரு முறை போனால் மாற்றிக் கொள்ளலாம். 18,000 வால்வுகள் ஒன்றாக வேலை செய்யும்போது ஒன்று போனாலும் கணக்குத் தவறாகிவிடும். இப்பொறி ஒருபோதும் ஓடாது என்று அறிஞர்கள் சிலர் ஐயுற்றதற்குக் காரணம் இதுவே. எக்கர்ட் இரண்டு வழிகளைக் கையாண்டார். குழல்களுக்கு அவை தாங்கக் கூடியதை விடக் குறைவான மின்சாரத்தையே கொடுத்தார். பெரும்பாலான குழல்கள் சூடேறும்போதோ குளிரும்போதோதான் பழுதாகின்றன என்பதால், பொறியைக் கூடுமான வரை அணைக்காமலே வைத்திருந்தார்கள்.

இது ஏன் என்று உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். பழைய குண்டு பல்பு எப்போது எரிந்து போகும்? எரிந்து கொண்டிருக்கும்போது போவது குறைவு. விசையைப் போட்ட நொடியில் 'பளிச்' என்று ஒரு மின்னல், அத்துடன் முடிந்துவிடும். குளிர்ந்த இழையின் மின்தடை மிகக் குறைவு. ஆகவே முதல் நொடியில் மின்னோட்டம் வெள்ளமாகப் பாய்கிறது. இழை திடீரென விரிவடைகிறது. மெலிந்திருந்த இடத்தில் அறுகிறது. வெற்றிடக் குழலின் உள்ளேயும் இத்தகைய இழை ஒன்று உண்டு.

1947-இல் எனியாக் மேரிலாந்து மாநிலத்தில் இருந்த அபர்டீன் இராணுவத் தளத்துக்குச் சென்றது. அங்கே 1955 அக்டோபர் 2 அன்று இறுதியாக ஓய்வு பெறும் வரை அது உழைத்தது. அணைக்காமல் வைத்ததால் வீணான மின்சாரத்தை யாரும் குறை கூறவில்லை. கூறவும் இயலாது. அணைத்திருந்தால் மறுநாள் காலையில் எந்தக் குழல் போயிற்று என்று தேடுவதிலேயே பொழுது கழிந்திருக்கும். அன்றைய நிலையில் அணைக்காமல் விடுவதே பொறுப்பான பழக்கம்.

விசை இல்லாத மாணவர்கள்

டிரான்சிஸ்டர் 1947-இன் இறுதியில் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் குழல்கள் கணிப்பொறியை விட்டு மறைந்தன. இழை போயிற்று, இழை அறும் அச்சமும் போயிருக்க வேண்டும். ஆனால் பொறி ஓயாமல் ஓடுவதற்கு வேறொரு காரணம் வந்து சேர்ந்தது. அதன் விலை. இலட்சக்கணக்கான டாலர் கொட்டி வாங்கிய பொறி ஒரு மணி நேரம் சும்மா இருந்தாலும் நட்டம்.

மாணவர்கள் கணிப்பொறியை நெருங்கியது இக்காலத்தில்தான். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமினி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரு கணிதப் பேராசிரியர்கள், நூலகத்தில் நூலை எடுத்துப் படிப்பது போலவே கணிப்பொறியையும் எந்த மாணவரும் பயன்படுத்த வேண்டும் என்று எண்ணினார்கள். 1964 மே முதல் நாள் அதிகாலையில் அவர்களுடைய நேரப் பகிர்வு முறை இயங்கத் தொடங்கியது. பேசிக் என்ற எளிய நிரல்மொழியும் அன்று பிறந்ததுதான். அம்முறைக்கான நிரல்களில் பெரும்பகுதியை எழுதியவர்கள் பட்ட வகுப்பு மாணவர்கள். மாணவர் முன்னால் இருந்ததோ ஒரு தட்டச்சுப் பொறி போன்ற முனையம் மட்டுமே. கணிப்பொறி வேறொரு கட்டிடத்தில் இருந்தது. அது எவ்வளவு மின்சாரம் உண்கிறது என்று மாணவருக்குத் தெரியாது. அதை அணைக்கும் விசையும் அவர் கையில் இல்லை. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னர் பயன்படும்.

திரையைக் காக்க வந்த இருள்

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் மேசைக் கணிப்பொறியை வெளியிட்டது. அதன் மின்வழங்கி 63.5 வாட் அளவினது. ஒரு பெரிய குண்டு பல்பின் அளவே. விசை முதன்முறையாகப் பயன்படுத்துவோர் கைக்கு வந்துவிட்டது. இப்போது அணைக்கலாமே? அணைத்தவர்கள் உண்டு. ஆனால் மூத்தவர்களின் எச்சரிக்கை பொறியோடு சேர்ந்தே வந்தது: அடிக்கடி அணைத்துப் போட்டால் கெட்டுவிடும், போடும்போது இழுக்கும் மின்சாரம் ஒரு நாள் ஓடுவதை விட அதிகம். முதலாவதில் ஓரளவு உண்மை இருந்தது. அக்கால வன்தட்டுகள் சுழலத் தொடங்கும் வேளையில் சற்றுத் திணறும். இரண்டாவதில் உண்மை இல்லை. மின்வழங்கியிலுள்ள மின்தேக்கிகள் நிரம்பும்போது மின்னோட்டம் மிகுவது உண்மைதான்; ஆனால் அது நொடியின் சிறு பங்கு நேரமே நீடிக்கிறது. அதில் செலவாகும் ஆற்றல், பொறி சில நொடிகள் ஓடுவதற்கு ஆவதை விட மிகாது. இன்றும் இந்தக் கதையைச் சொல்பவர்களை நீங்கள் சந்திப்பீர்கள். டியூப் லைட்டைப் பற்றியும் இதே கதை நம் வீடுகளில் உலவியதே!

அடுத்து வருவது இவ்வரலாற்றின் மிக விந்தையான பகுதி. அக்காலத் திரைகள் பழைய தொலைக்காட்சியின் படக்குழாயே. குழாயின் உட்புறத்தில் ஒளிரும் பூச்சு ஒன்று உண்டு. எலெக்ட்ரான் கற்றை அதன்மீது ஒரே இடத்தில் நாள்தோறும் மோதினால் அவ்விடம் தேய்ந்து, எழுத்தின் தழும்பு திரையில் நிலைத்துவிடும். இதைத் தடுக்க ஜான் சோக்கா என்பவர் 1983 டிசம்பரில் சாஃப்டாக் என்ற இதழில் ஒரு சிறு நிரலை வெளியிட்டார். இவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயன்முறை இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். மூன்று நிமிடம் யாரும் விசைப்பலகையைத் தொடாவிட்டால் திரை இருண்டுவிடும். இதுவே திரைக்காப்பு நிரல்களின் முன்னோடி.

திரை இருண்டால் மின்சாரம் மிச்சம் என்று தோன்றும். அப்படியில்லை. படக்குழாயின் சூடேற்றும் இழை எரிந்து கொண்டேயிருக்கும். கற்றையை வளைக்கும் சுருள்களில் மின்னோட்டம் ஓடிக் கொண்டேயிருக்கும். உயர் அழுத்தப் பகுதியும் தயாராகவே காத்திருக்கும். குறைவது சிறிதளவே. 1989-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் இருந்த ஒரு நிறுவனம் ஆஃப்டர் டார்க் என்ற திரைக்காப்பை விற்கத் தொடங்கியது. இருண்ட திரைக்குப் பதில் சிறகு முளைத்த ரொட்டி சுடும் பெட்டிகள் பறந்தன, மீன்கள் நீந்தின. மக்கள் மயங்கிப் போனார்கள். இருள் கொடுத்த சிறு சேமிப்பும் போயிற்று. பொறி ஓயாமல் வண்ணப் படங்களை வரைந்து கொண்டிருக்க, பார்ப்பவருக்கோ 'இது ஓய்வில் இருக்கிறது' என்ற நிறைவு. திரைக்காப்பு என்பது மின்சாரக் காப்பு என்று நம்பியவர்கள் பின்னாளிலும் ஏராளம். நல்ல எண்ணம் தவறான செயலில் போய் முடிவதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

உறங்கக் கற்றுக் கொடுத்தவை

பொறிக்கு உறங்கக் கற்றுக் கொடுத்தது சுற்றுச்சூழல் ஆர்வம் அன்று, மின்கலம். மடிக்கணினியை மின்கலத்தில் ஓட்டியவர்களுக்கு இரண்டு மணி நேரம் மூன்று மணி நேரமாவது வாழ்வா சாவா என்ற பிரச்சினை. ஆகவே இன்டெல் நிறுவனம் 1990-இல் மடிக்கணினிக்கென்றே வெளியிட்ட சில்லில், வேலையற்ற உறுப்புகளைத் தானே நிறுத்தும் ஏற்பாடு இருந்தது. 1992-இல் இன்டெல்லும் மைக்ரோசாஃப்டும் இதற்கான பொது விதிமுறை ஒன்றை வகுத்தன.

அதே 1992-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எனர்ஜி ஸ்டார் என்ற முத்திரையை அறிமுகப்படுத்தியது. மடிக்கணினியால் உறங்க முடியுமானால் மேசைப் பொறி ஏன் உறங்கக் கூடாது என்பதே அதன் கேள்வி. வணிகக் கட்டிடங்களின் மின் செலவில் 5 விழுக்காடு கணிப்பொறிகளுக்கே போகிறது என்று அம்முகமை மதிப்பிட்டிருந்தது. முத்திரை வேண்டுமானால், வேலையற்றபோது பொறி 30 வாட்டுக்குள்ளும், திரை 30 வாட்டுக்குள்ளும் அடங்க வேண்டும். கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் 1993 ஏப்ரலில் அதிபர் கிளிண்டன், அரசு அலுவலகங்கள் இம்முத்திரை பெற்ற பொறிகளையே வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். அவ்வளவுதான், உலகிலேயே மிகப் பெரிய வாடிக்கையாளரை இழக்க எந்த உற்பத்தியாளரும் விரும்பவில்லை. சுவீடனில் ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பு ஒன்றும் ஏறத்தாழ இதே வேளையில் திரைகளுக்கு இத்தகைய நிபந்தனை விதித்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அக்காலப் பொறியும் திரையும் சேர்ந்து ஏறத்தாழ 150 வாட். 40 பொறிகள் உள்ள கூடத்தில் மொத்தம் 6 கிலோவாட். மாலை ஆறு மணி முதல் காலை எட்டு மணி வரை பதினான்கு மணி நேரத்துக்கு 84 யூனிட். ஆண்டில் 200 நாள் கல்லூரி நடந்தால், யாரும் இல்லாத இரவுகளில் மட்டும் 16,800 யூனிட். விடுமுறை நாட்களை நான் சேர்க்கவில்லை. அவை இன்னும் மோசம்.

தூங்காத பொறிகளின் கணக்கெடுப்பு

முத்திரை வந்து பத்தாண்டு ஆகியும் நிலைமை என்ன? கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தினர் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். யாரையும் கேள்வி கேட்கவில்லை. வேலை நேரம் முடிந்த பின் கட்டிடங்களுக்குள் நேரில் சென்று எண்ணினார்கள். சான் பிரான்சிஸ்கோ வட்டாரம், பிட்ஸ்பர்க், அட்லாண்டா ஆகிய இடங்களில் இருந்த அலுவலகங்கள், மருத்துவ நிலையங்கள், கல்வி நிலையங்கள் ஆகியவற்றில் இக்கணக்கெடுப்பு நடந்தது. 2004-இல் முடிவு வெளியாயிற்று. மேசைக் கணிப்பொறிகளில் நூற்றுக்கு 36 மட்டுமே அணைக்கப்பட்டிருந்தன. மீதியில் உறக்க நிலைக்குப் போயிருந்தவை நூற்றுக்கு 6 தாம். மற்றவை யாவும் முழு விழிப்பில் இருந்தன. திரைகளின் கதையோ நேர்மாறு. அணைக்கப்படாத திரைகளில் பெரும் பகுதி தாமாகவே உறங்கிக் கிடந்தன.

அதே கட்டிடம், அதே மக்கள், ஒரே மேசை. திரை உறங்குகிறது, பெட்டி விழித்திருக்கிறது. மக்களின் விருப்பமின்மையே காரணம் என்றால் இரண்டும் ஒன்றுபோல் அல்லவா இருக்க வேண்டும்? திரையை உறங்க வைக்கும் ஏற்பாடு தொழிற்சாலையிலேயே முடுக்கிவிடப்பட்டு, இடையூறில்லாமல் வேலை செய்தது. பெட்டியின் ஏற்பாடோ பல சிக்கல்களில் மாட்டியது. 1996-இல் வந்து அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் பரவிய விண்டோஸ் என்.டி. 4 என்ற இயக்க முறைமை உறக்கத்தை ஏறத்தாழ அறியாதது. உறங்கிய பொறி வலைத்தொடர்பை இழந்துவிடும். இரவில் நிரல்களைப் புதுப்பிக்க வேண்டும், ஆகவே அணைக்காதீர்கள் என்று நிர்வாகிகளே பல இடங்களில் அறிவிப்பு ஒட்டினார்கள். அந்த அறிவிப்புக்குக் கீழே அமர்ந்திருக்கும் மாணவரிடம் போய், சுற்றுச்சூழலில் அக்கறை உண்டா என்று கேட்பதில் என்ன பொருள்?

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1999 மே 17 அன்று பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் செட்டி அட் ஹோம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. வானொலித் தொலைநோக்கி பதிவு செய்த அலைகளில் வேற்றுலக அறிவுயிர்களின் குறி ஏதும் உண்டா என்று தேட வேண்டும். அதற்கு உலகெங்கும் சும்மா இருக்கும் கணிப்பொறிகளை இரவல் கேட்டார்கள். நிரல் வந்தது எந்த வடிவில்? திரைக்காப்பாக! ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். இத்திட்டம் 2020 மார்ச் வரை பொறிகளுக்கு வேலை அனுப்பிக் கொண்டிருந்தது. அறிவியலுக்கு அது செய்த தொண்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பரவிக் கிடக்கும் பொறிகளை இணைத்துக் கணக்கிடும் கலை அதனால் வளர்ந்தது. ஆனால் பாருங்கள், ஓர் ஆய்வுக்கூடம் இரவில் பொறிகளை அணையுங்கள் என்று சொல்லிக் கொண்டிருந்தபோது, அதே ஊரின் பல்கலைக்கழகம் அணைக்காமல் எங்களுக்குத் தாருங்கள் என்றது. இரண்டு வேண்டுகோளும் நல்லெண்ணத்தில் பிறந்தவை. எளிதாக இருந்த வேண்டுகோளை மக்கள் ஏற்றார்கள்.

கேட்டால் ஒன்று, செய்தால் வேறு

மக்களைக் கேட்டு அறிவதில் உள்ள தொல்லை புதிதன்று. 1930 முதல் 1932 வரை ரிச்சர்ட் லாப்பியர் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ஒரு சீன மாணவரோடும் அவர் மனைவியோடும் நாடெங்கும் காரில் சுற்றினார். சீனர் மீது வெறுப்பு மிகுந்திருந்த காலம் அது. 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் நுழைந்தார்கள். இடம் மறுத்தது ஒன்றே ஒன்று. ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்கு, சீனரை ஏற்பீர்களா என்று அஞ்சலில் கேட்டார். விடை எழுதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஏற்க மாட்டோம் என்றார்கள். 1934-இல் வெளியான இக்கட்டுரையில் சொல் கடுமை, செயல் இனிமை. கணிப்பொறி விவகாரத்தில் அது தலைகீழ்: சொல் இனிமை, செயல் இல்லை.

இந்த இடைவெளியை விளக்க ஐசெக் அய்சென் என்ற உளவியல் அறிஞர் 1985-இல் 'திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு' ஒன்றை முன்வைத்தார். ஒரு செயலைச் செய்யும் எண்ணம் மூன்றிலிருந்து பிறக்கிறது என்றார். அச்செயல் நல்லது என்ற மனப்பான்மை ஒன்று. சுற்றியுள்ளோர் அதை எதிர்பார்க்கிறார்கள் என்ற உணர்வு இன்னொன்று. இது என்னால் முடியும், என் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கை மூன்றாவது. முன்னதாக அவரும் மார்ட்டின் ஃபிஷ்பைனும் வகுத்த கோட்பாட்டில் முதல் இரண்டு மட்டுமே இருந்தன. மூன்றாவது பின்னால் சேர்க்கப்பட்டது. நம் கதைக்கு அந்த மூன்றாவதுதான் உயிர்நாடி.

பசுமைக் கணிப்பு என்ற சொல் பரவிய பிறகு, மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்து இம்மூன்றையும் அளக்கும் ஆய்வுகள் பல நாடுகளில் வந்தன. 2009-இல் சௌ, சென் என்ற இரு ஆய்வாளர்கள் ஹாங்காங்கில் செய்தது முன்னோடிகளில் ஒன்று. இவற்றிலெல்லாம் ஒரு குறை உண்டு. எண்ணத்தை மட்டுமன்றி நடத்தையையும் மாணவரின் வாய்மொழியாகவே பதிவு செய்கிறார்கள். மின்மீட்டரை யாரும் படிப்பதில்லை.

படித்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் ஓபர்லின் கல்லூரியில் 2005-இல் மாணவர் விடுதிகளுக்கிடையே இரண்டு வாரப் போட்டி ஒன்று நடந்தது. எந்த விடுதி மின்சாரத்தையும் நீரையும் மிகுதியாகக் குறைக்கிறது என்பதே போட்டி. சில விடுதிகளில் அந்தந்த நேரத்தின் மின் செலவைத் திரையில் உடனுக்குடன் காட்டினார்கள். மற்றவற்றுக்கு வாரம் ஒருமுறை மீட்டரைப் படித்துச் சொன்னார்கள். எல்லா விடுதிகளையும் சேர்த்து மின் செலவு 32 விழுக்காடு குறைந்தது. உடனுக்குடன் பார்த்தவர்கள் 55 விழுக்காடு குறைத்தார்கள். வாரம் ஒருமுறை அறிந்தவர்கள் 31 விழுக்காடு. இது கணிப்பொறி மட்டுமன்று, விளக்கு முதலான எல்லாம் சேர்ந்த கணக்கு. போட்டிக்குப் பின்னும் இப்பழக்கங்களைத் தொடர்வோம் என்று மாணவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இதுவும் வாய்மொழிதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த இரண்டு வாரமும் பொய்யில்லை. தம் செயலின் பயனைக் கண்ணால் கண்டபோது, அதே வயது மாணவர்கள், அதே சோம்பலோடு, பாதிக்கு மேல் குறைத்துக் காட்டினார்கள்.

2007 ஜூலையில் எனர்ஜி ஸ்டார் முத்திரையின் நான்காம் பதிப்பு நடைமுறைக்கு வந்தது. உறக்க ஏற்பாட்டை முடுக்கிவிட்ட நிலையிலேயே பொறியை விற்க வேண்டும் என்ற விதியை அது கடுமையாக்கியது. வீணாகும் வெப்பத்தைக் குறைக்கும் மின்வழங்கியும் கட்டாயமாயிற்று. மாணவர்களோ மேசைப் பொறியை விட்டு மடிக்கணினிக்கு மாறிக் கொண்டிருந்தார்கள். மூடியை மூடினால் உறங்கிவிடுகிறது. மூடாவிட்டால் மின்கலம் தீர்ந்துவிடும் என்ற கவலை. பத்தாண்டுப் பிரசாரத்தால் வராத பழக்கம் ஒரு கீலின் வழியாக வந்து சேர்ந்தது. இதனால் யாரும் அதிகம் நல்லவர்களாகிவிடவில்லை.

இரண்டு கிராமும் 32 கிலோவும்

இவ்வளவு நேரம் மின்விசையையே பேசினோம். கணக்கின் பெரும்பகுதி அங்கே இல்லை என்பது 2000-க்குப் பிறகுதான் தெளிவாயிற்று. டோக்கியோவில் உள்ள ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தில் எரிக் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் 2004-இல் ஒரு கணக்கை வெளியிட்டார். படக்குழாய்த் திரையோடு கூடிய ஒரு மேசைக் கணிப்பொறியை உருவாக்க 240 கிலோ புதைபடிவ எரிபொருள், 22 கிலோ வேதிப்பொருள்கள், 1,500 கிலோ நீர் வேண்டும். வீட்டில் மூன்றாண்டு பயன்படுத்தும் பொறியின் வாழ்நாள் முழுவதும் செலவாகும் ஆற்றலில் 81 விழுக்காடு அது கடைக்கு வருமுன்பே செலவாகிவிடுகிறது. குளிர்பதனப் பெட்டியில் இது தலைகீழ். அதன் ஆற்றலில் பெரும்பகுதி நம் சமையலறையில்தான் செலவாகிறது.

ஏன் இப்படி? அவரும் வேறு இருவரும் 2002-இல் ஒரு நினைவகச் சில்லை மட்டும் தனியே எடுத்து ஆராய்ந்திருந்தார்கள். சில்லின் எடை 2 கிராம். அதைச் செய்ய 1.6 கிலோ எரிபொருளும் 32 கிலோ நீரும் 72 கிராம் வேதிப்பொருளும் ஆயின. மணலிலிருந்து பெறும் சிலிக்கனை, கோடியில் ஒரு பங்கு மாசும் இல்லாதபடி தூய்மைப்படுத்த வேண்டும். தூசியற்ற கூடங்களின் காற்றை இரவும் பகலும் வடிகட்டிக் குளிர்விக்க வேண்டும். ஒவ்வொரு படலத்தையும் படியச் செய்து, அரித்து, கழுவி, மீண்டும் படியச் செய்ய வேண்டும். பொருள் சிறிதாகச் சிறிதாகச் செய்யும் வேலை பெரிதாகிறது. இன்றைய கைப்பேசிகளும் மடிக்கணினிகளும் பயன்பாட்டில் மிகச் சிக்கனமானவை; ஆகவே அவற்றில் உற்பத்தியின் பங்கு இன்னும் கூடுதல்.

ஆகவே மாணவர் ஒருவர் நான்காண்டுக்குப் பதில் எட்டாண்டு ஒரே மடிக்கணினியை வைத்திருந்தால், அது அவர் ஒவ்வோர் இரவும் அதை அணைத்துச் சேமிப்பதை விடப் பெரிது. ஆனால் வினாத்தாள்களில் 'அணைப்பீர்களா?' என்ற கேள்வியே மிகுதி. 'எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள்?' என்பது அரிது. கூகுளின் வெண்பக்கத்தைக் கறுப்பாக்கினால் உலகம் பிழைக்கும் என்று 2007-இல் ஒரு பேச்சு எழுந்து, அதற்கென ஒரு கறுப்புப் பக்கமும் வந்தது. பின்னொளி கொண்ட தட்டைத் திரையில் கறுப்பைக் காட்டினாலும் பின்விளக்கு எரிந்து கொண்டேதான் இருக்கும் என்று இயற்பியல் மாணவர் எவரும் சொல்லியிருப்பார்.

டார்ட்மவுத் முனையத்தை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அது திரும்பி வந்துவிட்டது. இன்று மாணவர் தம் ஆய்வேட்டைச் சேமிப்பதும், செயற்கை நுண்ணறிவிடம் ஐயம் கேட்பதும் எங்கோ உள்ள தரவு மையத்தில். பன்னாட்டு ஆற்றல் முகமையின் கணக்குப்படி 2024-இல் உலகத் தரவு மையங்கள் உண்ட மின்சாரம் ஏறத்தாழ 415 டெராவாட் மணி. அதாவது 41,500 கோடி யூனிட். உலக மின் செலவில் ஒன்றரை விழுக்காடு. 2030-க்குள் இது இருமடங்குக்கும் மேலாகலாம் என்பது அம்முகமையின் மதிப்பீடு. அங்குள்ள மீட்டர் மாணவருக்குத் தெரிவதில்லை. விசையும் அவரிடம் இல்லை, 1964-இல் போலவே.

எட்டாண்டு வைத்திருக்க விரும்பும் மாணவரின் நிலையும் இதுதான். விண்டோஸ் 10 இயக்க முறைமைக்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அடுத்த பதிப்போ குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் அண்மைக்கால மையச் செயலியும் இல்லாத பொறிகளை ஏற்பதில்லை. நன்றாக ஓடிக் கொண்டிருந்த கோடிக்கணக்கான பொறிகள் ஒரே நாளில் 'பழையவை' ஆயின. மாற்று வழி ஒன்று உண்டு. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தம் பொறியில் பொழுதுபோக்காக எழுதத் தொடங்கிய லினக்ஸ் அது. அதன் எளிய வடிவங்கள் பத்து, பன்னிரண்டு ஆண்டுப் பழைய பொறிகளிலும் இன்று தடையின்றி ஓடுகின்றன. நிறுவுவதற்கு ஒரு பென் டிரைவும் ஒரு மாலை நேரமும் போதும். உங்கள் சொந்தப் பொறியானால் இன்றே செய்யலாம். கல்லூரிக் கூடத்துப் பொறியானால் நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும்.